ஆதரவுச் சிகிச்சையைக் காலத்தே நாடுவோம்

(மகாவீரர் ஜெயந்தி விழாவையொட்டிச் செஞ்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பகவான் மகாவீரரின் பிறந்த நாள் விழாவில் தீராநோயைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று முதலில் தயங்கினேன். அறக்கட்டளைப் பெரியவர்களோ, “நம் ஊர்களில் இன்று முதியோரே மிகுதி. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். வீட்டில் ஒருவர் படுக்கையில் விழுந்துவிட்டால் யாரைக் கேட்பது, எப்போது கேட்பது என்று தெரியாமல் தவிக்கிறோம். அதைப் பற்றியே பேசுங்கள்” என்றனர். நோயுற்றோர்க்குத் தொண்டு செய்யும் வையாவிருத்தியத்தை அகத்தவங்களுள் ஒன்றாக வைத்த நெறி நம்முடையது. ஆகவே இது விழாவுக்குரிய பொருளே என்று துணிந்து பேசுகிறேன்.

செஞ்சியை அடுத்த சிறுகடம்பூரில் உள்ள திருநாதர் குன்றை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களின் திருவுருவங்கள் ஒரே பாறையில் இரு வரிசையாகச் செதுக்கப்பட்ட இடம் அது. அங்குள்ள பழைய கல்வெட்டு ஒன்று, சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த செய்தியைச் சொல்கிறது. எழுத்தமைதி கொண்டு அதை ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டினது என்பர். 30 நாள் நோன்பிருந்த இளைய பட்டாரரின் நிசீதிகையும் அதே குன்றில் உள்ளது. இவற்றைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். ஆதலால் மரணத்தைப் பற்றிப் பேச நமக்கு அச்சமில்லை. ஆனால் அந்தப் பெருமையே சில வேளைகளில் நம் கண்ணை மறைத்துவிடுகிறது. இதை என் குடும்பத்திலேயே கண்டேன்.

பல ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. அப்போது நான் அறுவை மருத்துவனாகப் பணியாற்றி வந்தேன். என் தந்தையாரின் தங்கைக்கு, அதாவது என் அத்தைக்கு, மார்பகப் புற்றுநோய் கண்டு அறுவை செய்து இரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன. நோய் முதுகெலும்புக்குப் பரவிவிட்டது. புரண்டு படுக்கவும் முடியாத வலி. சாதாரண வலி மாத்திரைகளையே மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். “இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை” என்று குடும்பத்தாரிடம் சொன்னவன் நான்தான்.

ஒருநாள் காலை அத்தை என் தந்தையாரை அழைத்து, “அண்ணா, எனக்குச் சல்லேகனை விரதம் வாங்கிக் கொடுங்கள்” என்றார். வீடே உருகிப் போயிற்று. என்ன பக்தி, என்ன வைராக்கியம் என்று உறவினர் வியந்தனர். உண்மையைச் சொன்னால், எனக்கு உள்ளூர ஓர் ஆறுதலும் உண்டாயிற்று. மருத்துவன் என்ற முறையில் என்னால் இயலாது போனதைச் சமயம் ஏற்றுக்கொண்டது என்று எண்ணினேன்.

சாத்திரம் கற்ற முதிய சிராவகர் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் அத்தையின் அருகில் அமர்ந்து வெகுநேரம் பேசாமல் இருந்தார். பின்னர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “அம்மா, இந்த வலி இல்லையென்றால் இந்த விரதத்தைக் கேட்பீர்களா?” அத்தை விடை சொல்லவில்லை. கண்ணீர் மட்டும் வழிந்தது. பெரியவர் வெளியே வந்து எங்களைப் பார்த்து, “முதலில் வலியைப் போக்குங்கள். அதன் பிறகும் கேட்டால் என்னை அழையுங்கள்” என்று கூறிப் புறப்பட்டுவிட்டார். என்னை அவர் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அன்றே இத்துறையில் தேர்ந்த மருத்துவர் ஒருவரை நாடினேன். முதுகெலும்புக்கு ஒரே ஒரு முறை கதிர்வீச்சு அளித்தனர். சிறிய அளவில் மார்ஃபின் தொடங்கினர். ஒரு வாரத்தில் அத்தை எழுந்து உட்கார்ந்தார், தயிர்ச்சோறு கேட்டார். அதன் பின் ஐந்து மாதங்கள் இருந்தார். மேல்சித்தாமூர்த் தேரை வண்டியில் அமர்ந்தபடியே தரிசித்தார். பேத்திக்குப் பஞ்ச நமஸ்கார மந்திரத்தைப் பிழையின்றிச் சொல்லப் பழக்கினார். இச்சிகிச்சையை நான் மூன்று மாதங்களுக்கு முன்பே நாடியிருக்கலாம். அந்த மூன்று மாத வலி நோயால் வந்தது மட்டுமன்று. என் அறியாமையாலும் வந்தது. அதன் பிறகே இத்துறையைக் கற்கத் தொடங்கினேன்.

மருத்துவமனைகளில் பாலியேட்டிவ் கேர் என்று சொல்லப்படுவதையே நாம் ஆதரவுச் சிகிச்சை என்கிறோம். நோயை முற்றிலும் நீக்க இயலாத நிலையிலும் நோயால் வரும் துன்பத்தை நீக்குவது இதன் நோக்கம். உடல்வலி, மூச்சுத்திணறல், குமட்டல், ஆறாப்புண் ஆகியவற்றோடு மனக்கலக்கம், குடும்பக் கவலை, ஆன்மிகத் தவிப்பு ஆகியவற்றையும் இது சேர்த்தே கவனிக்கிறது. இங்கிலாந்தில் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் 1967இல் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கியபோது இந்தத் துறைக்குப் புதிய வடிவம் கிடைத்தது. நம் அண்டை மாநிலமான கேரளத்தில், கோழிக்கோட்டில், 1993இல் மருத்துவர்கள் ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் நண்பர்களும் தொடங்கிய பணி ஊர்தோறும் தொண்டர்களைக் கொண்ட இயக்கமாக வளர்ந்தது. அம்மாநில அரசு 2008இல் இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது.

ஆதரவுச் சிகிச்சை என்றால் கடைசி வாரத்துக்கு உரியது, மருத்துவர் கைவிட்ட பின் நாடுவது என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. இது பிழை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நுரையீரல் புற்றுநோய் முற்றிய 151 பேரிடம் நடத்திய ஆய்வு 2010இல் வெளியாயிற்று. நோய் அறியப்பட்ட தொடக்கத்திலேயே வழக்கமான சிகிச்சையோடு ஆதரவுச் சிகிச்சையும் பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது. கடைசிக் காலத்தில் கடுமையான சிகிச்சைகளையும் அவர்கள் குறைவாகவே பெற்றனர். இருந்தும் அவர்களின் நடுமை வாழ்நாள் 11.6 மாதமாகவும், மற்றவர்க்கு 8.9 மாதமாகவும் இருந்தது. ஆகவே இச்சிகிச்சையை நாடுவது மற்றச் சிகிச்சையைக் கைவிடுவதாகாது. இரண்டும் ஒருங்கே நடக்கலாம்.

எப்போது நாட வேண்டும் என்பதற்கு வருகிறேன். தாய்மார்கள் இதனை நினைவில் கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

முதலாவது, நோயின் பெயர் தெரிந்த அன்றே. பரவிய புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு, முற்றிய இதய நோய், நாட்பட்ட நுரையீரல் நோய், கல்லீரல் சுருக்கம், கடும் பக்கவாதம், மறதிநோய், பார்கின்சன் நோய் ஆகிய எதுவாயினும், “ஆதரவுச் சிகிச்சைப் பிரிவையும் நாங்கள் பார்க்கலாமா?” என்று மருத்துவரை நீங்களே கேளுங்கள். புற்றுநோய்க்கு மட்டும் உரியது இது என்று எண்ண வேண்டா.

இரண்டாவது, துன்பம் தணியாதபோது. குடும்ப மருத்துவர் மருந்து கொடுத்துச் சில நாட்களிலும் வலியோ மூச்சுத்திணறலோ வாந்தியோ அடங்கவில்லையெனில், இரவில் உறக்கம் கெடுகிறதெனில், அது சிறப்பு மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய நிலை. எல்லா வலிக்கும் சிறப்பு மருத்துவர் தேவையில்லை. ஆனால் தணியாத வலியைப் பொறுத்துக்கொள் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

மூன்றாவது, உடல் தளரும்போது. ஆறு மாதத்துக்குள் இரண்டு, மூன்று முறை மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால், பகலில் பாதிக்கு மேல் படுக்கையிலேயே கழிந்தால், உடல் எடை விடாமல் குறைந்தால் காலம் தாழ்த்தலாகாது. மருத்துவர்கள் தம்மையே கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுண்டு: ‘இவர் இன்னும் ஓராண்டுக்குள் காலமானால் எனக்கு வியப்பாக இருக்குமா?’ இருக்காது என்று உள்ளம் சொன்னால், ஆதரவுச் சிகிச்சைக்கு அதுவே தக்க நேரம்.

நான்காவது, முடிவெடுக்க இயலாது தடுமாறும்போது. செயற்கைச் சுவாசக் கருவி வைப்பதா, டயாலிசிஸ் தொடர்வதா, மூக்குக்குழாய் வழியே உணவு செலுத்துவதா என்று உடன்பிறந்தோர் ஆளுக்கொரு பக்கம் நின்று வாதிடுவதை எத்தனை வீடுகளில் காண்கிறோம்! நோயாளியின் விருப்பத்தை அறிந்து குடும்பத்தாரை ஒன்றாக அமர்த்திப் பேச வைப்பதும் இத்துறையினரின் பணியே. உயிர்காப்புக் கருவிகள் வேண்டா என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்றது. 2023இல் அதன் நடைமுறையையும் எளிதாக்கியது. இரு சாட்சிகளோடு நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரி முன்னிலையில் கையொப்பமிட்டால் போதும்.

ஐந்தாவது, நோயாளி “நான் போய்விட்டால் நன்று” என்று சொல்லும்போது. இச்சொல்லை எந்த வடிவில் கேட்டாலும், விரதம் வேண்டும் என்ற வடிவில் கேட்டாலும், முதலில் அதனுள் வலி இருக்கிறதா, மனச்சோர்வு இருக்கிறதா, பிறருக்குச் சுமையாகிவிட்டோம் என்ற ஏக்கம் இருக்கிறதா என்று காண வேண்டும். இம்மூன்றுக்கும் சிகிச்சையும் ஆறுதலும் உண்டு.

இவற்றுக்கு அப்பால், ஒரு நாளும் பொறுக்கலாகாத நிலையும் உண்டு. புற்றுநோய் உள்ளவருக்குப் புதிதாக முதுகுவலி தோன்றிக் கால்கள் வலுவிழந்தாலும், சிறுநீர் கழிப்பது தடைப்பட்டாலும் தண்டுவடம் நசுங்குகிறது என்று அஞ்ச வேண்டும். அன்றே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். தாமதித்தால் நடை திரும்பாமலே போகலாம்.

அடுத்து மார்ஃபினைப் பற்றிய அச்சம். ‘அதைக் கொடுத்தால் முடிந்துவிடும்’ என்று அஞ்சி மருந்தை அலமாரியில் பூட்டி வைத்த வீடுகளைக் கண்டிருக்கிறேன். வலிக்கேற்பச் சிறிய அளவில் தொடங்கி, மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகக் கூட்டினால் அது உயிரைக் குறைப்பதில்லை. வலிக்காக முறையாக உண்பவர் அதற்கு அடிமையாவதும் அரிது. மலச்சிக்கல் ஏற்படும் என்பதால் அதற்குரிய மருந்தையும் முதல் நாளிலிருந்தே சேர்த்துக் கொடுக்க வேண்டும். 1985இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கடுமையால் உண்மையான நோயாளிக்கும் இம்மருந்து எட்டாக்கனியாயிற்று. 2014இல் செய்யப்பட்ட திருத்தம், அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் இதனை வைத்திருந்து வழங்குவதை எளிதாக்கியது.

நம் நோன்புகளுக்கு இம்மருந்து இடையூறாகுமா என்று பலர் என்னைத் தனியே கேட்டதுண்டு. மார்ஃபின் கசகசாச் செடியின் பாலிலிருந்து பெறப்படுவது. விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் உறையுள்ள காப்ஸ்யூல் வேண்டாதவர்கள் மாத்திரையாகவோ நீர்மமாகவோ கேட்டுப் பெறலாம். சாதாரண மார்ஃபின் மாத்திரையை நான்கு மணிக்கு ஒருமுறை உண்ண வேண்டும். இரவுண்ணாமையைக் கைக்கொள்ளும் பெரியவர்களுக்கு இது தடையாகத் தோன்றும். மருந்தின் அளவு நிலைப்பட்ட பின் பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்யும் மாத்திரைக்கு மாறலாம். கதிரவன் எழுந்த பின் ஒன்று, மறையுமுன் ஒன்று என்று அமைத்துக்கொள்ளலாம். தோலில் ஒட்டினால் மூன்று நாள் வேலை செய்யும் ஒட்டுமருந்தும் சிலருக்குப் பொருந்தும். இரவில் திடீரென வலி பீறிட்டால் என்ன செய்வது என்பதை மருத்துவரிடமும் நோன்பளித்த பெரியவரிடமும் முன்னரே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நோன்பைச் சொல்லாமல் மறைத்து, மருந்தையும் உண்ணாமல் இருப்பதே தவறு. எந்த மருந்தையும் இவ்வுரையைக் கேட்டுத் தாமே தொடங்கவும் வேண்டா.

இனிச் சல்லேகனைக்கும் வலிக்கும் உள்ள தொடர்பு. சல்லேகனை என்ற சொல்லுக்கு மெலிவித்தல் என்பது பொருள். உடலோடு சினம், செருக்கு, வஞ்சனை, பற்று ஆகிய கஷாயங்களையும் மெலிவிப்பது அது. சமந்தபத்திரரின் இரத்தினகரண்ட சிராவகாசாரம், தீர்க்க இயலாத இடையூறு, பஞ்சம், முதுமை, நோய் ஆகிய நிலைகளில் அதனை அனுமதிக்கிறது. அதே நூலும் தத்துவார்த்த சூத்திரமும் இவ்விரதத்தின் அதிசாரங்களை, அதாவது குற்றங்களை, எண்ணிச் சொல்கின்றன. இன்னும் வாழ வேண்டும் என்ற ஆசை அவற்றுள் ஒன்று. விரைவில் சாக வேண்டும் என்ற ஆசையும் அவற்றுள் ஒன்று. இதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். வலி பொறுக்காமல் சாவை விரும்பி ஏற்கும் விரதம், தொடக்கத்திலேயே குற்றமுடையதாகிவிடுகிறது. அன்று அந்தப் பெரியவர் அத்தையிடம் கேட்ட கேள்வி இந்த அதிசாரத்தை உள்ளத்தில் வைத்துக் கேட்டதே என்பது எனக்கு வெகுநாள் கழித்தே விளங்கிற்று.

சந்தாராவைத் தற்கொலையாகக் கருதி இராஜஸ்தான் உயர் நீதிமன்றம் 2015 ஆகஸ்ட் 10இல் தீர்ப்பளித்தபோது நாடெங்கும் நம்மவர் அமைதி ஊர்வலம் சென்றனர். அம்மாத இறுதியிலேயே உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. விரதம் வேறு, தற்கொலை வேறு என்று உலகுக்குச் சொல்கிறோம். அந்த வேறுபாட்டை நம் வீட்டுப் படுக்கையறையில் மெய்ப்பிக்க வேண்டாமா? வலி தணிந்து, உள்ளம் தெளிந்து, அவசரமின்றி, யாருடைய தூண்டுதலுமின்றி எழும் எண்ணத்தையே குரு முன் வைக்க வேண்டும். ஆகவே ஆதரவுச் சிகிச்சை விரதத்துக்குப் பகை அன்று. சமநிலைக்கு அது துணையாகிறது.

இதன் மறுபுறத்தையும் சொல்ல வேண்டும். இறுதி நாட்களில் உடல் தானே உணவை மறுக்கும். அது நோயின் இயல்பு, விரதமன்று. நாம் பட்டினி போட்டதாகவும் அதைக் கருத வேண்டா. அப்போது வாயில் வலிந்து ஊட்டினால் உணவு நுரையீரலுக்குள் செல்லக்கூடும். நாவை நனைத்து, உதட்டை ஈரமாக்கி, அருகில் இருப்பதே அப்போது செய்யத்தக்க உபசாரம்.

வீட்டில் கவனிப்பவர்களைப் பற்றியும் ஒரு சொல். சல்லேகனை மேற்கொண்ட முனிவருக்குத் துணைநிற்பவர்களை நிர்யாபகர் என்பர். பகவதி ஆராதனை என்னும் பழம்பெரும் நூல் 48 நிர்யாபகர்களைச் சொல்லி, உடலைப் பேணுவோர், அறம் உரைப்போர், வாயில் காப்போர் என்று அவர்களுக்குப் பணியைப் பங்கிட்டுக் கொடுக்கிறது. கிடைக்காத காலத்தில் குறைந்தது இருவராவது வேண்டும், ஒருவர் மட்டும் ஆகாது என்றும் விதிக்கிறது. தனியொருவர் தம்மையோ நோன்பியையோ கைவிட நேரும் என்பதே காரணம். திருநாதர் குன்றின் கல்வெட்டு நாட்களின் எண்ணிக்கையைச் சொல்கிறது. அந்த 57 நாளும் அருகில் இருந்தவர்களின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் இல்லாமல் அந்நோன்பு நிறைவேறியிராது. துறவிக்கே இருவர் வேண்டுமென்றால், நம் இல்லத்தில் ஆண்டுக்கணக்கில் ஒரே மருமகள் மட்டும் உறக்கமின்றிப் பார்த்துக்கொள்வது எவ்வகை அறம்? கவனிப்பவர் களைத்துவிட்டார் என்பதும் ஆதரவுச் சிகிச்சையை நாடுவதற்குரிய அறிகுறியே.

நாட வேண்டிய இடங்கள் தொலைவில் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து ஆதரவுச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் அளிக்க வழி செய்யப்பட்டுள்ளது. உங்கள் ஊர்ச் சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பெயரைப் பதியச் சொல்லுங்கள். 104 என்ற எண்ணிலும் வழி கேட்கலாம். தணியாத துன்பத்துக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர், காஞ்சிபுரம் காரப்பேட்டை அரசு புற்றுநோய் மருத்துவமனை, அடையாறு புற்றுநோய் நிலையம் ஆகியவற்றில் பரிந்துரைக் கடிதத்துடன் விசாரிக்கலாம். செல்லும்போது பழைய மருத்துவக் குறிப்புகளையும், உண்ணும் மருந்துகளையும், வலி எப்போது கூடுகிறது என்று எழுதிய ஒரு தாளையும் கொண்டு செல்லுங்கள்.

அறக்கட்டளைக்கு ஒரு விண்ணப்பம். மருந்தளித்தலை நால்வகைத் தானங்களுள் ஒன்றாகப் போற்றுகிறோம். ஊருக்கு இரண்டு இளைஞர்கள் போதும். படுக்கையில் இருப்போரின் பட்டியலை வைத்து, வாரம் ஒருமுறை சென்று, வலி இருக்கிறதா என்று கேட்டு, வேண்டுவோரை மருத்துவரிடம் சேர்க்கட்டும். மேல்சித்தாமூரிலும் வீடூரிலும் விழுக்கத்திலும் பெருமண்டூரிலும் ஜினாலயத்துக்கு நாள்தோறும் வந்தவர் ஒருவர் நான்கு நாள் வரவில்லையென்றால் அங்குள்ளோர்க்குத் தெரியும். அன்றே போய்ப் பார்ப்பதில் இப்பணி தொடங்கட்டும்.

அத்தை தம் கடைசி வாரங்களில் அந்தப் பெரியவரை மீண்டும் அழைத்து வரச் சொன்னார். இம்முறை முகத்தில் கலக்கமில்லை. பெரியவர் சிறு சிறு தியாகங்களைக் கால வரையறையோடு கொடுத்தார். மருந்தை நிறுத்தச் சொல்லவில்லை. “இப்போது கேட்பது நீங்கள். அன்று கேட்டது வலி” என்று மட்டும் சொன்னார். ஒரு விடியற்காலையில், பேத்தி பஞ்ச நமஸ்கார மந்திரம் சொல்லிக்கொண்டிருக்க, அத்தை அமைதியாகப் பிரிந்தார்.

அந்த அமைதி நம் இல்லங்கள் அனைத்துக்கும் கிட்ட வேண்டும். அதற்காகத்தான் காலத்தே நாடுங்கள் என்று வேண்டுகிறேன்.

அறம் வளர்க! அருகன் நெறி தழைக்க!